பத்துத் தலைக்குத் தண்ணி

— பத்துப் பேர் போதுமோ, யூனிஸ்?

— எதுக்குங்க்கா பத்துப் பேரு? பெஞ்சு எடுத்து அடுக்கவா? புள்ளைகளே அடுக்கிப்போட்டுதான் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க.

— பெஞ்சுக்கு இல்லை. தலையில தண்ணி ஊத்துறதுக்கு. முகாமில கதைச்சுப் பாத்தன். ஏழு பேர் உடன ஓம் எண்டிட்டினம். மற்ற மூண்டு பேர், புருசன்மார் பெயின்ற் வேலையால வந்தாப் பிறகு கேட்டுச் சொல்லினமாம். அவையும் வருவினம். நான் பொறுப்பு.

— மலரக்கா, நீங்க என்ன பேசறீங்கன்னே எனக்கு வெளங்கலைங்க.

— ஞானஸ்நானம், தங்கச்சி. உங்கட சபையில எடுக்கிறம். அடுத்த ஞாயிறு. எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும் எண்டு சொல்லுங்கோ, சனத்தை நான் கூட்டிக்கொண்டு வாறன்.

— உங்ககிட்ட யாருங்க கேட்டாங்க?

— ஒருத்தரும் கேக்கேல்ல.

— பொய் சொல்லாதீங்க. ஆறு வருசமா இந்த முகாமுக்கு வந்து பாடம் எடுக்கறேன். நீங்க பொய் சொல்றப்ப மூஞ்சியத் திருப்பிக்குவீங்க. இப்பவும் சன்னலத்தான் பாக்கறீங்க.

— சரி. ஞானம் அண்ணைதான். நீங்கள் உள்ளுக்க படிப்பிச்சுக்கொண்டிருக்கேக்க, வண்டிக்குப் பக்கத்தில வைச்சுச் சொன்னவர்.

— எங்க ஊட்டுக்காரரா?

— கோவியாதேங்கோ. அந்த மனுசன் பாவம், நேரா சொல்ல ஏலாமச் சுத்திச் சுத்திக் கதைச்சவர். சபைக் கமிட்டியில கேள்வி வந்திட்டுதாம். வண்டி விடுறம், டீசல் அடிக்கிறம், டீச்சர்மாரைக் கொண்டுபோய் இறக்கிறம், அந்த முகாமில இருந்து ஒரு ஆத்துமா எண்டாலும் எங்கட பக்கம் வந்துதோ எண்டு. அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகையாமே. முகாமில இருந்து ஒரு ஆளெண்டாலும் ஏறி நிண்டு சாட்சி சொல்ல வேணுமாம். இல்லையெண்டா வண்டியை வேற ஊருக்கு விடப் போயினமாம்.

— அதுக்கு நீங்க பத்துப் பேரா?

— ஒண்டு கேட்டவைக்குப் பத்துக் குடுப்பம். பேந்து ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்.

— அக்கா...

— ஏன் சிரிக்கிறீங்கள்?

— சிரிக்கறனா அழுகறனான்னு எனக்கே தெரியலைங்க.

— இஞ்சை பாருங்கோ. எங்கட நிலானிக்குப் பங்குனியில பிளஸ் டூ பரீட்சை. கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே ஓடின பிள்ளை அது. ஹாரிகா டீச்சர் வந்தாப் பிறகுதான் தானா எடுத்துவைச்சுப் படிக்குது. வண்டி நிண்டா அந்த டீச்சர் பீளமேட்டில இருந்து எப்பிடி வரும்? தண்ணிதானே யூனிஸ். கடலைத் தாண்டி வந்த சனம் நாங்கள். ஒரு கைத்தண்ணியில எங்களுக்கு என்ன ஆகப் போகுது?

— உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க்கா. எனக்குத்தான் ஆகும்.

— உங்களுக்கு என்ன?

— நான் நம்பறது பொய்யாப் போயிருமுங்க. ஞானஸ்நானம்னா எங்களுக்கு ஒரு சடங்கு இல்லீங்க. பழைய ஆளப் பொதைச்சுப்போட்டு புது ஆளா எந்திரிக்கறது. அதக் கொண்டுபோயி டீசலுக்கு மாத்தறதாங்க? பிள்ளையார் கோயில்ல தெனமும் வெளக்குப் போடறீங்க நீங்க. ஒரு நாளு நெசமாலுமே உங்களுக்கா மனசு வந்து வாங்க, நானே கையப் புடிச்சுக் கூட்டீட்டுப் போறேன். எனக்கு ஒத்தாசை பண்றதுக்குன்னு வந்தீங்கன்னா, எங்க சபை வாசல்ல நானே குறுக்க நிப்பேன்.

— வண்டி போயிடும்.

— போகட்டுமுங்க. கருமத்தம்பட்டில சேலம் பஸ் ஏறுனா பவானில எறங்கிக்கலாம். அங்கிருந்து டவுன் பஸ்ஸு. ஹாரிகாவையும் நானே கூட்டீட்டு வாரேன். நீங்க போயி அந்த ஏழு பேருகிட்டயும், வேண்டாம்னு யூனிஸ் கும்புட்டுச் சொன்னான்னு சொல்லீருங்க.

— விசர் பிடிச்ச மனுசி நீங்கள். சரியான பைத்தியம்.

— அத எங்க ஊட்டுக்காரரு கல்யாணமான மாசமே கண்டுபுடிச்சுட்டாருங்க. வாரனுங்க்கா. அவரோட எனக்குக் கொஞ்சம் சோலி இருக்குது.

*

— ஏனுங்க, வண்டிய ஓரங்கட்டுங்க.

— சித்தெ பொறு அம்மணி. டோல்கேட்டு தாண்டி டீ குடிக்கலாம்.

— டீக்கு இல்லீங்க. ஹாரிகா பெருந்துறைல அவ அத்தை ஊட்டுக்கு எறங்கற வரைக்கும் வாயக் கட்டீட்டு வந்தேன். மலரக்காகிட்ட என்னத்தச் சொன்னீங்க?

— சொல்லிப்போட்டாங்களா.

— பத்துப் பேர ஏற்பாடு பண்ணீட்டாங்க. எனக்காக. பந்தல் போடறதுக்கு ஆள் சேத்தற மாதிரி ஞானஸ்நானத்துக்கு ஆள் சேத்தீட்டு இருக்கறாங்க. வெக்கமா இல்லீங்களா நமக்கு?

— நான் பத்துப் பேரக் கேக்கலை. ஒருத்தரு வந்து நாலு வார்த்தை சொன்னாப் போதும்னேன்.

— என்னன்னுங்க?

— ஆண்டவரு எங்களுக்கு நன்மை செஞ்சாருன்னு. அதுல என்ன பொய் இருக்குது? செஞ்சாருதான? நீ காத்தால எந்திரிச்சு எந்தப் பேரச் சொல்லி முட்டி போடறே? அந்தப் பேர அந்தச் சனத்துகிட்ட மட்டும் ஏன் மறைக்கறே? ஆறு வருசத்துல ஒரு வசனம் சொல்லியிருப்பியா நீ?

— கேட்டாச் சொல்லுவேன். நிலானி ஒருக்கா கேட்டா, நீங்க ஏன் டீச்சர் இத்தன தூரம் வாரீங்கன்னு. சொன்னேன். அவ்வளவுதான்.

— கேட்டாத்தானா? தண்ணீல முழுகறவன் மனுப் போடற வரைக்கும் நீ கயிறு உட மாட்டியா?

— அவங்க முழுகலைங்க. நாடு இல்லாம நிக்கறாங்க. முகாமுக்கு ஆபீசருங்க வந்து தலைய எண்ணீட்டுப் போறாங்க. நாமளும் போயி எண்ணோணுமா?

— வாயடைக்கப் பேசாத கண்ணு. நான் சொல்றத ஒருக்காவாச்சும் கேளு. என்ற தாத்தன் யாரு? பஞ்சத்துல கஞ்சிக்கு வந்தவன். ஊரே சொல்லுது, இன்னைக்கும் எவனாச்சும் ஒருத்தன் குத்திக் காட்டறான், கஞ்சிக்கு வேதத்துல சேந்த கூட்டம்னு. ஆமா, கஞ்சிக்குத்தான் வந்தாரு. அதனால என்ற விசுவாசம் பொய்யாப் போச்சா? உங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ராவெல்லாம் நான் பண்ணுன ஜெபம் பொய்யா? கஞ்சில ஆரம்பிச்சாலும் ஆண்டவரு அவரு வேலையச் செய்வாரு. அந்த நம்பிக்கைலதான் கேட்டேன். வண்டிக்காக மட்டும் கேட்டேன்னு நெனைச்சுப்போடாத.

— நீங்க சொல்றது நெசந்தானுங்க. உங்க ஜெபத்த நான் பொய்யின்னு சொல்ல மாட்டேன். உங்கள மாதிரி மனசு உருகி ஜெபம் பண்ற ஆள நான் பாத்ததில்லை.

— அப்பறம்?

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க தாத்தாவுக்குக் கஞ்சி ஊத்துனாங்கல்ல. வேதத்துல சேராத பக்கத்து ஊட்டுக்காரருக்கு ஊத்துனாங்களா?

— அது... எனக்கெப்படித் தெரியும்?

— லேயாள் அத்தைக்குத் தெரியும். அவங்க அப்பா கதைதான அது. போயிக் கேளுங்க.

— இப்ப அத எதுக்குக் கெளறறது?

— ஊத்தியிருந்தா அது ஆண்டவரோட கஞ்சிங்க. ஊத்தலைன்னா வேற ஏதோ கஞ்சி. எதுன்னு எனக்குத் தெரியோணும். உங்களுக்கும் தெரியோணும்.

— நாளைக்கு ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூடுது, அம்மணி. செயலாளரு நானு. என்னன்னு சொல்லட்டும்?

— நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்றேன். முகாம்ல இருந்து சாட்சி இல்லை, தண்ணி இல்லை, வேணுங்கறவங்க வண்டிய எடுத்துக்கலாம்னு.

— எடுத்துக்குவாங்க.

— எடுத்துக்கட்டும். இப்ப வண்டிய எடுங்க, டீ குடிக்கலாம்.

*

— இண்டைக்கு பஸ்ஸில நிண்டுகொண்டே வந்தனீங்களோ, யூனிஸ்?

— பெருந்துறை வரைக்கும் நின்னுட்டு வந்தமுங்க்கா. அதுக்கப்பறம் ஹாரிகாவுக்கு எடம் கெடைச்சுது, எனக்கு அவ மடி கெடைச்சுது. இப்பத்தான் உள்ள போயிப் பாடம் ஆரம்பிச்சிருக்கறா.

— அப்ப கமிட்டியில?

— போன ஞாயித்துக்கெழமையே முடிஞ்சுதுங்க. சொல்றதச் சொன்னேன். கை தூக்குனாங்க, வண்டி போச்சு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. நல்லவங்கதான், பழகுனவங்கதான். வெளிய வந்து எனக்குக் காப்பி கூடக் குடுத்தாங்க.

— ஞானம் அண்ணை என்ன சொன்னவர்?

— தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தாரு. ஊட்லயும் இந்த வாரம் பேச்சில்லைங்க. சோத்தப் போட்டாத் திங்கறாரு, தறிக்குப் போறாரு, வாராரு.

— அங்கை பாருங்கோ, வாசலில ஒரு வண்டி வந்து நிக்குது.

— அது எங்க தறி வண்டியாச்சே! பாவும் துணியும் ஏத்தற டெம்போ. ஏனுங்க! நீங்க எங்கீங்க இங்க?

— வாரேன், வாரேன். கதவ மூடீட்டு வாரேன். மலரக்கா, நல்லா இருக்கறீங்களா?

— இருக்கிறம் அண்ணை. வாங்கோ. தேத்தண்ணி போடட்டோ?

— அப்பறம் குடிக்கறனுங்க. மொதல்ல உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுப்போடறேன். வண்டிக்குப் பக்கத்துல நின்னு அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க.

— விடுங்கோ. கேட்ட உங்களுக்கே நாக்குக் குழறினது, நான் கண்டனான்.

— இல்லீங்க்கா, உடறதுக்கில்லை. அம்மணி, நீயும் உக்காரு. லேயாள் அத்தைகிட்டப் போயிக் கேட்டேன்.

— எப்பங்க?

— கமிட்டி முடிஞ்ச அன்னைக்கே. தாத்தனுக்கு ஒரு தம்பி இருந்தாராம். சுப்பண்ணன்னு பேரு. எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது, இப்படி ஒருத்தரு இருந்தாருன்னே எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே குடிசைல இருந்தவங்க. பஞ்சத்துல தாத்தன் வேதத்துல சேந்துட்டாரு, தம்பி மாட்டேன்னுட்டாராம். கஞ்சி ஊத்தற எடத்துக்குத் தம்பி பொண்டாட்டி கைப்புள்ளையத் தூக்கீட்டு சட்டியோட போயிருக்குது. பேர மாத்தீட்டு அப்பறம் வான்னு அனுப்பிச்சுட்டாங்களாம்.

— யாருங்க அனுப்புனது?

— யாரோ. ஊத்தீட்டு இருந்தவங்க. அதுவல்ல எனக்கு ஆகாதது. தாத்தன் அங்கதான் நின்னுட்டு இருந்தாராம், சட்டி நெறையக் கஞ்சியோட. பாத்துட்டு நின்னாராம். ஒண்ணும் பேசலையாம்.

— அந்தக் குழந்தை, அண்ணை?

— பொழைக்கலைங்க. சென்னியம்மாள்னு பேராம். அத்தைக்கு அந்தப் பேரு இன்னமும் நாபகத்துல இருக்குது. தம்பி குடும்பம் அந்த மாசமே மலையாளத்துப் பக்கம் பஞ்சம் பொழைக்கப் போச்சாம், அப்பறம் தகவலே இல்லை. தாத்தன் சாகற வரைக்கும் கஞ்சியத் தொட மாட்டாரு, அம்மணி. காச்சல்ல கெடந்தாக் கூட வேண்டாம்பாரு. நாங்கெல்லாம் அது அவருக்குப் புடிக்காதுன்னு நெனைச்சுட்டிருந்தோம்.

— இத ஏனுங்க ஒரு வாரமா எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தீங்க?

— சொன்னா நீ உடனே வழி சொல்லுவே. நானா ஒரு வழிக்கு வரோணுமில்ல.

— வந்தாச்சுங்களா?

— வந்துட்டேன். சபைய உட்டுப் போக மாட்டேன், அது என்ற சபை. நாளைக்குப் பண்டிகைல சாட்சி வேணும்னுதான கேட்டாங்க? நான் ஏறிச் சொல்றேன். சென்னியம்மாளப் பத்திச் சொல்றேன். என்ற தாத்தன் குடிச்ச கஞ்சியப் பத்திச் சொல்றேன். சொல்லிப்போட்டு அப்பவும் இயேசுதான் என்ற ஆண்டவருன்னும் சொல்லுவேன். கேக்கறவங்க கேக்கட்டும்.

— கமிட்டி கொதிச்சுப் போயிருமுங்க.

— கொதிக்கட்டும். சனிக்கெழமைக்குத் தறி வண்டி இருக்குது. பின்னால பெஞ்சு போட்டுப்போடலாம்.

— ஏனுங்க...

— அழுகாத கண்ணு. மலரக்கா பாக்கறாங்க.

— ஏனுங்க, இந்த ஒரு வாரம் உங்களோட பேசாம இருந்தது எனக்கு நெம்பக் கஷ்டமாப் போச்சுங்க.

— எனக்குந்தான். சரி, உடு.

— அண்ணை, நான் ஒண்டு சொல்லட்டோ?

— சொல்லுங்க்கா.

— தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்க நாங்கள் வள்ளத்தில ஏறி வந்தனாங்கள். எங்கட வள்ளத்தில ஒரு பிள்ளை வந்தது. பதினாறு, பதினேழு வயசு இருக்கும். தனிய. தாய் தகப்பன் ஷெல் பட்டு ஊரில முடிஞ்சுது. அலை அடிக்க அடிக்கச் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில கனகம் எண்டு ஒரு மனுசி, கைக்குழந்தையோட. தன்ர குழந்தையை ஒரு கையில வைச்சுக்கொண்டு, இந்தப் பிள்ளையின்ர தலையை மடியில வைச்சுக் கரை மட்டும் கொண்டுவந்து சேத்தவ.

— பாவமுங்க.

— கரையில இறங்கினம். பால்மாவும் போர்வையும் குடுக்க ஆக்கள் வந்து நிண்டவை. கிறிஸ்தவச் சனம். நல்ல மனசோடதான் வந்திருப்பினம். ஆனா கழுத்தில சிலுவை போட்டவை முன்னுக்கு வாங்கோ எண்டினம். மற்றவைக்கு மிச்சம் இருந்தாத் தாறம் எண்டு. ரெண்டு வரிசை ஆச்சுது. அந்தப் பிள்ளையின்ர கழுத்தில ஞானஸ்நானத்துக்குப் போட்ட சிலுவைச் சங்கிலி கிடந்தது. முன் வரிசையில விட்டவை. திரும்பிப் பாத்தா, கனகம் குழந்தையோட பின்னுக்கு நிக்கிறா.

— அப்பறமுங்க?

— அந்தப் பிள்ளை சங்கிலியைக் கழட்டிக் கைக்குள்ள பொத்திக்கொண்டு பின்னுக்குப் போச்சுது. கனகத்தின்ர நெத்தியில ஈரத்தில ஊறிக் கிடந்த குங்குமத்தை விரலால தொட்டுத் தன்ர நெத்தியில வைச்சுது. வைச்சுக்கொண்டு அவவோட சேந்து நிண்டுது.

— கெடைச்சுதுங்களா அவங்களுக்கு?

— கொஞ்சம் மிஞ்சினது. பங்கு போட்டவை.

— அந்தப் புள்ள அதோட ஆண்டவர உட்டுப்போட்டுதுங்களா?

— விடேல்ல, அண்ணை. பிள்ளையாருக்கு விளக்கும் வைக்கும், இரவில படுக்கேக்க கர்த்தருடைய ஜெபமும் சொல்லும். ஆனா வேதக்கோயில் பக்கம் போகேல்ல. வரிசை பிரிக்காத ஒரு ஆளைக் காணும் மட்டும் போறேல்ல எண்டு இருந்திட்டுது.

— நாளைக்கு அதையும் சேத்திச் சொல்றனுங்க. அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க, சொல்லலாமான்னு.

— பேர் சொல்லாமச் சொல்லலாம். யூனிஸ், நாளைக்கு உங்கட கோயிலில திருவிருந்து இருக்கோ?

— பண்டிகைங்கள்ல, கண்டிப்பா இருக்குமுங்க. ஏனுங்க்கா?

— நானும் வரட்டோ?

— அக்கா, மறுபடியும் எனக்காகவா?

— உங்களுக்காக இல்லை. எனக்குப் பசிக்குது.

— வாங்க, நெம்பச் சந்தோசமா வாங்க. எங்கூடவே உக்காந்துக்கலாம். ஆனா ஒண்ணு, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த அப்பத்தையும் ரசத்தையும் மட்டும் ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குத்தான் ஆயரு குடுப்பாரு. அந்நேரத்துக்கு நீங்க சங்கடப்பட்டுருவீங்களோன்னுதான் முன்னாலயே சொல்லறேன்.

— அப்ப எனக்குத் தருவார், தங்கச்சி. வரிசை மாறிப் போய் நிண்ட பிள்ளை நான்தான்.